ஜப்பான் பட்டுக்கயிறு: எடை கூட்டக் கூட்ட ஏன் தளர்கிறது?

குஞ்சலம் எழுதியது:

வணக்கம். ஜடைக் குஞ்சலம், கைக்கயிறு, கொலுவுக்குச் சின்னச் சின்ன மாலை என்று வீட்டிலிருந்தே செய்து விற்பவள் நான். நாலு மாதமாகக் குமிஹிமோ பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. தெரியாதவர்களுக்காக: ஜப்பான்காரர்கள் பட்டு இழைகளைப் பின்னிச் செய்யும் அலங்காரக் கயிறு. ‘குமு’ என்றால் சேர்த்துப் பின்னுவது, ‘ஹிமோ’ என்றால் கயிறு, பெயரில் இருப்பது அவ்வளவுதான்.

முதலில் ஃபோம் தட்டு வாங்கினேன். வட்டமாக, சுற்றிலும் 32 வெட்டு, நடுவில் ஓட்டை. எட்டு இழை போட்டால் வட்டக் கயிறு வந்துவிடுகிறது, ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. ஆனால் பட்டு நூலைப் போட்டதும் வெட்டுக்குள் நசுங்கிப் பிசிர் பிசிராக எழும்புகிறது. கயிறு முடிகிறபோது பளபளப்பே போய்விடுகிறது. சரி, ஜப்பானில் மரஸ்டாண்டில்தான் செய்கிறார்கள், நாமும் செய்வோம் என்று, நடுவில் ஓட்டை இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டேன். எட்டு இழையின் நுனியிலும் ஹார்டுவேர் கடையில் வாங்கிய கனமான நட்டு, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 70 கிராம். பின்னல் ஓட்டை வழியாகக் கீழே இறங்குகிறது, அதன் அடியில் ஒரு துணிப்பையில் 400 கிராம் துவரம் பருப்பு.

கயிறு தொளதொளவென்று வந்தது. இறுக்கமாக வரட்டும் என்று பருப்பை 500 கிராம் ஆக்கினேன். இன்னும் மோசம், வலை மாதிரி ஆகிவிட்டது, போதாக்குறைக்கு நட்டுகள் தானாக மேலே ஏறி வருகின்றன. எடை கூட்டினால் இறுகத்தானே வேண்டும்? எங்கே தப்பு செய்கிறேன்?

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் இல்லாத வயிற்றெரிச்சல். கிமோனோ இடுப்புப் பட்டைக்கு மேல் கட்டும் ஒரே ஒரு கயிறு 20,000 யென்னுக்கு மேல் விலை போட்டிருந்தது. ஒன்றரை மீட்டர் கயிறு! யாராவது நியாயம் சொல்லுங்கள்.

ஒசாகாமழை எழுதியது:

அக்கா, பருப்பைக் குறையுங்கள். பாதியாக.

எனக்கும் இது முதல் மாதம் தலைகீழாகத்தான் புரிந்தது. இங்கே ஒசாகாவில் வாரம் ஒருநாள் வகுப்புக்குப் போகிறேன். அந்த மரஸ்டாண்டுக்கு மருதாய் என்று பெயர். மேலே வட்டப் பலகை, நாலு கால், தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தால் நெஞ்சுக்குக் கீழே வரும் உயரம். மேல்பலகையை ககாமி என்கிறார்கள், கண்ணாடி என்று அர்த்தம். உண்மையிலேயே அந்த அளவுக்கு வழவழப்பாக இழைத்திருப்பார்கள். உங்கள் நட்டுக்குப் பதில் அங்கே தாமா, மரத்தில் கடைந்த உருளை, உள்ளே ஈயம். 70, 85, 100 கிராம் என்று வகைவகையாக உண்டு, ஒரு பின்னலில் எல்லாம் ஒரே எடையாக இருக்க வேண்டும்.

கணக்கு இதுதான்: தாமாக்களின் மொத்த எடையில் பாதி, அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே, கீழ்ப்பையில் இருக்க வேண்டும். உங்களுக்கு எட்டு எழுபது 560. ஆக 250 முதல் 280 கிராம் பருப்பு. நீங்கள் 500 போட்டால், கீழே இழுப்பதும் மேலே தாங்குவதும் ஏறக்குறைய சமம் ஆகிவிடுகிறது. நட்டு மேலே ஏறாமல் என்ன செய்யும்?

இன்னும் இறுக்கமாக வேண்டும் என்றால் கீழே இன்னும் குறைக்க வேண்டும். மென்மையாக, துவளுகிற மாதிரி வேண்டும் என்றால் கூட்ட வேண்டும். எங்கள் ஆசிரியர் வாயில் வரும் ஒரே திட்டு, கையால் இழுக்காதே என்பதுதான். இழுக்கிற வேலையை எடை பார்த்துக்கொள்ளும், கை இடம் மாற்றினால் போதும். இதைச் சொல்லச் சுலபம். எனக்கு ஆறு மாதம் ஆனது, இன்னும் பாதி நாள் என் வலது கை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மருதைக்காரன் எழுதியது:

மருதாய் என்று பார்த்ததும் எங்கள் ஊரைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று உள்ளே வந்துவிட்டேன். வந்தது வந்தாயிற்று, வேலை சம்பந்தப்பட்ட விஷயமாக இருப்பதால் சொல்லிவிட்டே போகிறேன்.

எட்டுப் பேர் சுற்றி நின்று பக்கவாட்டில் இழுக்கிறார்கள், ஒருவர் கீழே இழுக்கிறார், இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பவர் பலசாலியானால் எல்லா இழையும் அவர் பக்கமாக நீண்டு, கிட்டத்தட்ட நேராக நின்றுவிடும். ஒரு சுற்றுக்குள்ளேயே கயிறு நிறைய இறங்கிவிடும், அதுதான் உங்கள் வலை. கீழே இருப்பவர் சோம்பேறியானால் இழைகள் படுத்துக்கொண்டு ஒன்றன் மேல் ஒன்று அடையும், கயிறு கெட்டியாகும், நீளம் குறையும். இழை எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நான் இருக்கும் தொழிற்சாலையில் ரப்பர் குழாய்க்கு மேல் ஸ்டீல் கம்பி உறை பின்னுகிறோம், பிரேக் குழாயில் பார்த்திருப்பீர்கள். அங்கே தாமாவுக்குப் பதில் கம்பி சுற்றிய உருளைகள், எட்டு வடிவத் தடத்தில் பாதி இப்படியும் பாதி அப்படியும் ஓடிக்கொண்டே இருக்கும். சுடிதார் நாடா, ஷூ லேஸ் எல்லாம் இதே மாதிரி யந்திரத்தில்தான் வருகிறது. அதிலும் நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இந்தச் சாய்வுக் கோணத்துக்காகத்தான். அவர்கள் ஈயமும் பையும் வைத்துக்கொண்டு அதையே பிடித்திருக்கிறார்கள், சும்மா சொல்லக்கூடாது.

மணிக்கோவை எழுதியது:

ஃபோம் தட்டை எல்லாரும் இப்படித் தள்ளிவைப்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். ரயிலில், ஆஸ்பத்திரி வராண்டாவில், டிவி பார்த்துக்கொண்டே, எங்கேயும் பின்னலாம். மணி கோத்துப் பின்னும் கயிறுக்கு அது போதும். பட்டுக்குச் சரிவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே இழையைப் பிடிப்பது எடை இல்லை, வெட்டு. நசுங்கத்தான் செய்யும்.

ஆனால் புதிதாக வருகிறவர்கள் தட்டில் தொடங்கட்டும். ஒரு யோசனையும் சொல்கிறேன். நடுவில் எழுந்து போக வேண்டி வந்தால், ஒரு பக்கம் மூன்று இழை நிற்கிற மாதிரி பாதி அசைவில் விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்று அந்த மூன்றே சொல்லிவிடும். சமமாக விட்டுவிட்டுப் போனால் அவ்வளவுதான், நாலு சுற்று தள்ளித்தான் தப்பு கண்ணில் படும், அதுவரைக்கும் அவிழ்க்க வேண்டும்.

பாவுநூல் எழுதியது:

காஞ்சிபுரம் பக்கம், தறி வீட்டில் பிறந்தவன். இப்போது நான் நெய்வதில்லை, அப்பா நெய்கிறார். இரண்டு விஷயம்.

பிசிருக்குத் தட்டு மட்டும் காரணமாக இருக்காது, உங்கள் பட்டு எது என்று பாருங்கள் அக்கா. சேலைப் பாவுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, வருவது நன்றாக முறுக்கேற்றிய பட்டு. பாவில் உரசல் அதிகம், தாங்க வேண்டும். நீங்கள் போட்டது முறுக்கே இல்லாத பட்டாக இருந்தால் பிளாஸ்டிக் ஸ்டூலின் ஓட்டை விளிம்பு ஒன்றே போதும், பிய்த்துவிடும். ஸ்டூல் வார்த்த இடத்தில் ஒரு கோடு மேடாக இருக்குமே, விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. நெசவில் பாவு, குறுக்கே ஓடும் ஊடு என்று இரண்டு உண்டு, தறி உண்டு, ஜரிகை உண்டு, டிசைனுக்கு ஆள் உண்டு. இதில் எட்டு இழை, ஒரு ஸ்டூல். 20,000 யென்னுக்கு அப்படி என்ன இருக்கிறது?

ஒசாகாமழை எழுதியது:

பாவுநூல் அண்ணா, நல்ல கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

எட்டு இழை என்பது அரிச்சுவடி. ஓர் இழை என்பது ஒரு நூலும் இல்லை, பல மெல்லிய பட்டு நூல்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து மறுபடி முறுக்காமல் அப்படியே வைத்துக்கொள்வது, அதனால்தான் அந்த மினுமினுப்பு. நூலைப் பிரித்து, எல்லாம் ஒரே நீளம், ஒரே இழுவை என்று அளந்து வைப்பதற்கே பாதி நாள் போகும். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தாலும் கயிற்றில் ஒரு பக்கம் சின்னச் சின்ன வளையமாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அதை மறைக்க வழியே இல்லை.

அப்புறம் தக்காதாய் என்று ஒன்று. உயரமான மரச்சட்டம், பார்த்தால் உங்கள் தறிக்குத் தம்பி மாதிரி இருக்கும். பின்னுகிறவர் அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்வார். இரண்டு கைப்பக்கமும் தாமாக்கள் வரிசையாகத் தொங்கும், நாற்பது, அறுபது, அதற்கு மேலும். ஒரு பக்கத்து ஓரத் தாமாவை எடுத்து மற்ற இழைகளுக்கு மேலே கீழே என்று நுழைத்து நடுவுக்குக் கொண்டுவந்து, மூங்கில் பட்டையால் தட்டி இறுக்க வேண்டும். அடுத்தது மறுபக்கம். இரண்டு அடுக்காகப் பின்னும் கோராய்குமி என்ற வகையில் பூ, எழுத்து, அலை எல்லாம் எடுக்கலாம். ஆனால் உருவத்தைக் கட்டம் கட்டமாகத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசைக்கும் எந்த இழை மேலே வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே பெரிது.

இதில் பாவும் கிடையாது, ஊடும் கிடையாது. எல்லா இழையும் சாய்வாகவே ஓடுகிறது, ஓரத்துக்குப் போகிறது, திரும்பி வருகிறது. அதனால் கயிற்றை இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் தன் இடத்துக்கே வந்துவிடும். நீங்கள் சொல்லும் அந்தக் கயிறுக்கு ஒபிஜிமே என்று பெயர். இடுப்புப் பட்டையின் முடிச்சு முதுகில் சரியாமல் இருப்பதே இந்த ஒரு கயிற்றால்தான். நெய்த நாடாவைக் கட்டினால் மூச்சு விடும்போது பிடிக்கும், இல்லாவிட்டால் நழுவும். இது உடம்போடு சேர்ந்து இளகி, முடிச்சை மட்டும் விடாது. என் வீட்டுக்காரி ஒரு திருமணத்துக்குக் கட்டிக்கொண்டு போனபோதுதான் எனக்கு இது விளங்கியது. முடிச்சு இறுகும்போது சன்னமாக ஒரு கீச்சு சத்தம் வரும், பட்டோடு பட்டு உரசுவது. யந்திரத்தில் பின்னிய மலிவுக் கயிறு ஒன்றும் வைத்திருக்கிறோம், அது இரண்டு மணி நேரத்தில் தளர்ந்துவிட்டது. எல்லா யந்திரக் கயிறும் அப்படி என்று சொல்லவில்லை, எங்களுடையது அப்படி.

போன வருடம் இகா ஊருக்குப் போனேன், மியே மாநிலத்தில். நிஞ்ஜா ஊர் என்று எல்லாரும் போவார்கள், ரயில் பெட்டியிலேயே நிஞ்ஜாவின் கண் வரைந்திருக்கும். ஜப்பானில் கையால் பின்னும் கயிற்றில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அதுவும் ஆயிரம் வருடக் கதை இல்லை. 1902இல் ஹிரோசாவா தொகுசாபுரோ என்பவர் தோக்கியோவில் தொழில் கற்றுக்கொண்டு வந்து சொந்த ஊரில் பட்டறை போட்டார், அங்கிருந்து வளர்ந்தது. 1976இல் அரசாங்கம் பாரம்பரியக் கைவினை என்று முத்திரை கொடுத்தது, கியோட்டோ கயிறுக்கும் அதே வருடம்தான். அங்கே சுற்றுலாக்காரர்களுக்குப் பின்னிப் பார்க்க வசதி உண்டு. நானும் ஒரு கைக்கயிறு பின்னிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன், பக்கத்தில் ஓர் எண்பது வயது அம்மா என்னைப் பார்க்காமலே, தாமா தாமாவோடு மோதும் சத்தம்கூட ஒரே தாளத்தில் வர, பின்னிக்கொண்டிருந்தார். என் தாமாக்கள் சாமான் விழுகிற மாதிரி சத்தம் போட்டன.

மருதைக்காரன் எழுதியது:

ஒரே தாளத்தில் சத்தம் வருவது சும்மா இல்லை. எங்கள் யந்திரத்திலும் ஓர் உருளை மக்கர் பண்ணினால் முதலில் காதுக்குத்தான் தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான்.

மணிக்கோவை எழுதியது:

அருமை ஒசாகாமழை. ஒரு சின்னச் சேர்க்கை: 1,300 வருடத்துக்கு மேலாக ஜப்பான்காரர்கள் இந்த மருதாய், தக்காதாயிலேயே பின்னிக்கொண்டு வருகிறார்கள் என்று படித்தேன். ஒரு கருவி மாறாமல் அவ்வளவு காலம் இருப்பது பெரிய விஷயம்.

பழஞ்சுவடி எழுதியது:

மணிக்கோவை, அது அப்படி இல்லை. கயிறு பழையது, ஸ்டாண்டு அவ்வளவு பழையது என்பதற்குச் சான்று இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள், பல வலைப்பக்கங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை.

கயிறு சீனா, கொரியா வழியாகப் பௌத்தத்தோடு ஜப்பானுக்குள் வந்தது. நாரா நகரத்தின் தோதாய்ஜி கோயிலில் ஷோசோயின் என்ற கருவூலம் இருக்கிறது. 756இல் ஷோமு பேரரசர் இறந்தபின் அவர் மனைவி கொம்யோ அவருடைய பொருள்களைக் கோயிலுக்குக் கொடுத்தார், அந்தச் சேகரிப்பில் பின்னிய பட்டுக்கயிறுகள் இன்றும் உள்ளன. அப்புறம் ஹெயான் காலத்து (794–1185) அரசவையில் சடங்கு வாளைத் தொங்கவிடும் அகலப் பட்டை, பௌத்த சூத்திரச் சுருளைக் கட்டும் கயிறு, இப்படி வளர்ந்தது. இதெல்லாம் உறுதி.

ஆனால் அவை ஸ்டாண்டில் பின்னப்பட்டனவா? கினோஷிதா மசாகோ என்ற ஆய்வாளர் பல வருடம் இதையே தோண்டினார். ஸ்டாண்டே இல்லாமல், இழையை வளையமாக்கிக் கையில் மாட்டிக்கொண்டு, ஒரு வளையத்துக்குள் இன்னொன்றை நுழைத்து மாற்றி மாற்றிப் பின்னும் முறை ஒன்று இருந்தது, அதற்கு குதே-உச்சி என்று பெயர். பழைய கயிறுகளின் அமைப்பு அந்த முறைக்கே பொருந்துகிறது என்பது அவர் வாதம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோபானே பகுதியின் பிரபு ஓசெகி மசுனாரி போர்க்கவசக் கயிறு பின்னுவதை விளக்கி எழுதி வைத்திருக்கிறார், அதிலும் இந்த வளையமுறைதான். அதாவது எடோ காலம் (1603–1868) வரைக்கும் அது நடப்பில் இருந்திருக்கிறது.

மணிக்கோவை எழுதியது:

அப்படியானால் நான் படித்ததெல்லாம் பொய்யா? ஒருவர் ஆராய்ச்சியை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமா? ஐம்பது அறுபது இழையை விரலில் எப்படி மாட்டுவார்கள், மனிதனுக்குப் பத்து விரல்தான்.

பழஞ்சுவடி எழுதியது:

பொய் என்று சொல்லவில்லை, தப்பாகச் சேர்த்துச் சொன்னது என்கிறேன். விரல் கணக்குக்குப் பதில்: வளையம் என்றாலே ஒன்றில் இரண்டு இழை, அங்கேயே பாதி குறைந்தது. மீதிக்கு இரண்டு மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒருவர் கைவளையத்தை அடுத்தவர் கைக்கு மாற்றிப் பின்னலாம். கயிறு நீளமானால் கை விரித்த தூரத்துக்கு மேல் இறுக்க முடியாது, ஆகவே பின்னல் சேரும் இடத்தில் இன்னொருவர் நின்று தட்டி இறுக்குவார். ‘உச்சி’ என்றாலே அடிப்பது, தட்டுவது.

ஸ்டாண்டு வந்ததன் ஆதாயம் அதில்தான் தெரிகிறது. தாமாவில் நூலைச் சுற்றிவைத்து வேண்டும்போது அவிழ்த்துக்கொள்ளலாம், நீளத்துக்கு வரம்பு இல்லை, உதவிக்கு ஆள் வேண்டாம். ஒருவர் தனியாக வீட்டு மூலையில் உட்கார்ந்து செய்யும் தொழிலாக அது அப்போதுதான் மாறுகிறது. ஸ்டாண்டு மேலான கருவி, வளையம் தாழ்ந்த கருவி என்று நான் சொல்ல மாட்டேன். ஆள் குறைவு, அவ்வளவுதான்.

பாவுநூல் எழுதியது:

ஆள் குறைவு என்றதும் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கோர்வைக்கு, அதாவது சேலையின் உடலோடு கரையைச் சேர்த்து நெய்வதற்கு, பக்கத்தில் ஒரு பையன் உட்காருவான், கரையைத் தனி நாடாவில் (ஊடுநூல் ஓட்டும் கருவி) எடுத்துக் கொடுக்க. இப்போது உட்கார யாரும் இல்லை. சரி, அது வேறு கதை.

போர்க்கவசத்துக்கு எதற்கு ஐயா பட்டுக்கயிறு? இரும்பை இரும்பால் கட்டினால் ஆகாதா?

பழஞ்சுவடி எழுதியது:

ஜப்பானியக் கவசம் ஒரே தகடு இல்லை. தோலிலோ இரும்பிலோ செய்து அரக்குப் பூசிய சின்னச் சின்னச் செதில்களை வரிசையாகக் கோத்து, வரிசைக்கு வரிசை கயிற்றால் தொங்கவிடுவார்கள். உடம்பு வளையும்போது கவசமும் வளைய வேண்டும், குதிரைமேல் இருந்து வில் இழுக்க வேண்டும். ஒரு கவசத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் கயிறு போகும். தள்ளி நின்று பார்த்தால் கண்ணில் படுவதே கயிற்றின் நிறம்தான், கவசத்துக்குப் பெயரே ‘சிவப்பு நூல் கட்டிய கவசம்’ என்று நிறத்தை வைத்துத்தான் வரும்.

குறையும் உண்டு. 1800இல் சாகாகிபாரா கோசான் என்ற கவச நிபுணர் புலம்பியிருக்கிறார்: நெருக்கமாகக் கயிறு கட்டிய கவசம் மழையில் நனைந்தால் கனக்கும், குளிரில் உறையும், சேறு பிடித்தால் போகாது, பல நாள் போர்முனையில் கிடந்தால் பேன், எறும்பு எல்லாம் குடியேறும் என்று. அவருக்கு முந்தின 15, 16ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்க் காலத்தில் கயிற்றை இடைவெளி விட்டுக் கட்டும் முறை பரவியதற்கு இதெல்லாம் ஒரு காரணம். கயிறும் மிச்சம்.

சாயம் பற்றி ஒன்று, பாவுநூல் தம்பிக்குப் பிடிக்கும். தோக்கியோவின் மேற்கே ஓமே மலைப் பகுதியில் மிதாகே என்ற ஷிண்டோ கோயில் இருக்கிறது. அங்கே ஹெயான் காலத்துச் சிவப்புக் கயிற்றுக் கவசம் ஒன்று, தேசியப் பொக்கிஷம். மெய்ஜி காலத்தில் (1868–1912) அதைப் பழுது பார்த்தபோது அறுந்த இடங்களுக்கு அப்போது புதிதாக வந்த ரசாயனச் சாயம் போட்ட கயிற்றைக் கட்டினார்கள். இன்று போய்ப் பார்த்தால் நூறு வருடக் கயிறு வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது, எண்ணூறு வருடத்துக்கு முந்தின மஞ்சிட்டி வகை வேர்ச்சாயக் கயிறு இன்னும் சிவப்பாக இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில்.

பாவுநூல் எழுதியது:

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “வேர் நல்லா இருந்திருக்கும், தண்ணியும் நல்லா இருந்திருக்கும்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

20,000 யென் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் போர் முடிந்து, கவசம் போனபின் இந்தத் தொழில் எப்படிப் பிழைத்தது என்று யாராவது சொல்லுங்கள். அதுதான் எனக்கு வேண்டியது.

ஒசாகாமழை எழுதியது:

எடோ காலத்தில் போர் இல்லையே தவிர வாள் இருந்தது. கைப்பிடியில் சுற்றும் நாடா, உறையை இடுப்பில் கட்டும் கயிறு, தேநீர்ச் சடங்கில் தூள் ஜாடியை வைக்கும் பட்டுப்பையின் கயிறு, இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. தோக்கியோவின் உவேனோ பகுதியில் தோமியோ என்ற கயிற்றுக் கடை 1652இல் தொடங்கியது, இன்னும் இருக்கிறது, பழைய கயிறுகளை ஆராய்ந்து திரும்பச் செய்வதும் உண்டு.

பேரிடி 1876இல் விழுந்தது. பொது இடத்தில் வாள் வைத்திருக்கத் தடை. சாமுராய் வாடிக்கையாளர்கள் ஒரே அடியாகப் போய்விட்டார்கள். தப்பித்தது பெண்களின் உடையால்தான். அதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே இடுப்புப் பட்டையை முதுகில் மேளம் மாதிரி மடித்துக் கட்டும் பாணி பரவிக்கொண்டிருந்தது, அந்த முடிச்சு கயிறு இல்லாமல் நிற்காது. வாள்கயிறு பின்னியவர்கள் ஒபிஜிமே பின்ன ஆரம்பித்தார்கள். அதே கை, அதே தாமா, வாங்குகிறவர் மட்டும் வேறு.

இப்போது கிமோனோ கட்டுவதே அபூர்வமாகிவிட்டது என்பதால் மறுபடி அதே நெருக்கடி. கைக்கயிறு, சாவிக்கொத்து, கழுத்துப்பட்டை என்று என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். 2016இல் வந்த ஓர் அனிமே படத்தில் கதாநாயகி தலையில் இந்தக் கயிறு கட்டியிருந்ததும் இளம் பிள்ளைகள் கொஞ்சம் திரும்பிப் பார்த்தார்கள். அது எத்தனை பேருக்குச் சோறு போடும் என்று கேட்டால், எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர், நாற்பதுக்குக் கீழே நான் ஒருவன்தான்.

பழஞ்சுவடி எழுதியது:

இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு, மியே மாநிலத்தில் இருக்கும் இஸே ஷிண்டோ கோயில். இருபது வருடத்துக்கு ஒருமுறை கோயிலையே புதிதாகக் கட்டி, உள்ளே வைக்கும் பொருள்களையும் புதிதாகச் செய்வார்கள். கடைசியாக 2013இல் நடந்தது. சடங்கு வாளின் பட்டைக்கு கராகுமி என்ற, சாய்சதுரக் கட்டங்கள் விழும் பின்னல் வேண்டும். அதில் வல்லவரான கியோட்டோவின் ஃபுகாமி ஜூசுகேவை 1956இல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்று அறிவித்தார்கள். தலைமுறைக்கு ஒரு தடவையாவது யாராவது கேட்டு வாங்குகிறார்கள் என்பதால் கை மறக்காமல் இருக்கிறது.

ஓய்வுபெற்றடீச்சர் எழுதியது:

நான் கைவேலைக்காரி இல்லை, பள்ளியில் நாற்பது வருடம் நடனம் சொல்லிக்கொடுத்தவள். மகள் இந்தப் பக்கத்தைக் காட்டினாள். படிக்கப் படிக்க இது பின்னல் கோலாட்டம்தானே என்று தோன்றியது! மேலே ஒரு கொக்கியிலிருந்து எட்டுக் கயிறு தொங்கும், எட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொன்று பிடித்து, நாலு பேர் வலமாக, நாலு பேர் இடமாக, ஒருவரை உள்ளே விட்டு அடுத்தவரை வெளியே விட்டு ஆடுவார்கள். பாட்டு முடியும்போது மேலே பின்னல் விழுந்திருக்கும். அப்புறம் அதே அடிகளைப் பின்பக்கமாக ஆடி அவிழ்த்துவிடுவோம். ஒரு பிள்ளை ஒரே ஒரு தடவை உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போனால் அவிழ்க்கும்போது சிக்கி நிற்கும், ஆண்டுவிழா மேடையில் எனக்கு வியர்த்துக் கொட்டும்.

அங்கே பிள்ளைகள்தான் தாமா போலிருக்கிறது.

ஒசாகாமழை எழுதியது:

டீச்சர், அப்படியே அதேதான். எடோ யாட்சு என்ற எட்டு இழைப் பின்னலில் நாலு வலம், நாலு இடம், உள்ளே வெளியே. உங்கள் கோலாட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கயிற்றை ஓட்டைக்குள் இறக்கினால் மருதாய். தப்பு செய்தால் அடியைப் பின்பக்கமாகப் போட்டு அவிழ்ப்பதும் ஒன்றுதான். வகுப்பில் எங்களுக்கு முதல் பாடமே பின்னுவது இல்லை, அவிழ்ப்பது.

மருதைக்காரன் எழுதியது:

எங்கள் யந்திரத்துக்கு ஆங்கிலத்தில் பெயரே கம்பத்தைச் சுற்றி ஆடும் நாட்டியத்தின் பெயர்தான். பத்து வருடமாக அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. அது பின்பக்கமாக ஆடாது என்பதுதான் எங்கள் துக்கம்.

குஞ்சலம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இரண்டு நாள் வர முடியவில்லை, முகூர்த்த ஆர்டர்.

பருப்பை 260 கிராம் ஆக்கினேன். முதல் ஐந்து சென்டிமீட்டரிலேயே வித்தியாசம் தெரிந்தது, கயிறு கெட்டியாக, வட்டமாக, விரலுக்கு நடுவே உருட்டினால் நழுவுகிறது. பாவுநூல் தம்பி சொன்ன மாதிரி ஸ்டூல் ஓட்டையில் ஒரு மேடு இருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் ஓட்டை போட்டு விளிம்பை மடக்கிக் கொடுக்கச் சொல்லிப் பாத்திரக்காரரிடம் வாங்கி ஒட்டினேன். அவருக்கு நான் என்ன செய்கிறேன் என்று கடைசி வரைக்கும் புரியவில்லை. பிசிர் நின்றுவிட்டது.

ஆனால் டீச்சர் சொன்ன தப்பு எனக்கும் வந்தது. நடுவில் குக்கர் சத்தத்துக்கு எழுந்து போய்விட்டு வந்தேன், மூன்று இழை யோசனை மறந்துவிட்டது. ஒரு கை அளவு அவிழ்த்தேன். அவிழ்க்கும்போதுதான் எந்த இழை எதற்கு மேலே போகிறது என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது, பின்னும்போது அவ்வளவு தெரியவில்லை.

90 சென்டிமீட்டர் இழை போட்டேன், கயிறு 50க்குக் கொஞ்சம் மேலே வந்தது. கையால் இழுக்காமல் இருப்பது இன்னும் வரவில்லை. இடது பக்கம் சரியாக இருக்கிறது, வலது பக்கம் பின்னல் கொஞ்சம் நெரிந்து கயிறு மெதுவாகத் திரும்பிக்கொண்டே போகிறது. ஒசாகாமழைக்கு இருக்கிற அதே வலது கை வியாதி போலிருக்கிறது.

கடைசியாக ஒன்று: நுனியில் விட்ட குஞ்சம் கோணல்மாணலாகச் சுருண்டு நிற்கிறது. இஸ்திரி போடலாமா?

ஒசாகாமழை எழுதியது:

இஸ்திரி வேண்டாம் அக்கா, பட்டு தட்டையாகிவிடும். ஆவியில் காட்டுங்கள். குஞ்சத்தை ஆவிக்கு மேலே தொங்கப் பிடித்தால் இழை தானாக நேராகும், உடனே விரலால் கோதி, ஒரு தாளை இறுக்கமாகச் சுற்றி அப்படியே ஆறவிடுங்கள். விற்கிற வரைக்கும் தாளை எடுக்காதீர்கள்.

குஞ்சலம் எழுதியது:

இட்லிப் பானை இருக்கிறது. நாளைக் காலையில் முதல் ஈடு எடுத்ததும் பார்க்கிறேன்.

மருதைக்காரன் எழுதியது:

மீதி 240 கிராம் பருப்பு?

குஞ்சலம் எழுதியது:

அன்றைக்கே சாம்பாருக்குப் போய்விட்டது.